பாட்டிலில் அடைக்க பீச் சரி, பீன்ஸ் வேண்டாம்

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். தோட்டத்தில் பீச், தக்காளி, பீன்ஸ் மூன்றும் தாங்க முடியாத அளவு காய்த்திருக்கின்றன. பாட்டி காலத்து முறையில் பாட்டிலில் போட்டுக் கொதிக்கவைத்து மூடினால் வருடம் முழுவதும் இருக்குமா?

பீச் இருக்கும். தக்காளி, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இருக்கும். பீன்ஸும் இருக்கும், அலமாரியில் வரிசையாக வைத்தால் பார்க்க அழகாகக்கூட இருக்கும். சாப்பிடத்தான் கூடாது.

இந்த அளவில் பதிலை முடித்துவிடலாம். ஆனால் பாட்டியை நீங்கள் இதில் இழுத்துவிட்டதால் என்னால் முடிக்க முடியவில்லை.

நீங்கள் டர்பன் பக்கத்திலிருந்து வேலைக்காக மேலே போன குடும்பமாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். கடற்கரை வெப்பத்தில் மாவும் லிச்சியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஜனவரியில் மரத்தடியில் பழுத்து விழுந்து ஈ மொய்க்கும் பீச்சைக் கண்டால் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. அண்ணன் வீடும் உங்கள் ஜோஹன்னஸ்பர்க் பக்கம்தான், லெனேசியாவில். அங்கே பின்பக்கம் ஒரு பழைய பீச் மரம், வேலியை ஒட்டிப் பீன்ஸ், தக்காளி எல்லாம் அண்ணியின் கைவண்ணம். அண்ணிக்குக் கைராசி உண்டு, அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. இதைப் படிக்கும் உறவினர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

நான் டர்பன் பக்கத்து டோங்காட்டில் பிறந்து, சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளியில் வீட்டுப் பொருளியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உணவு விஞ்ஞானி அல்ல. அதை யாரும் கீழே வந்து எழுத வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். ஆனால் பழத்தைப் பாட்டிலில் அடைப்பது எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் காரணங்களைப் படிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் எனக்கு 'டீச்சர்' என்று பெயர். பாராட்டாக அல்ல.

2023 ஜனவரி. மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் இருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத தெருக்கள் உண்டு. அண்ணியின் பெரிய ஃப்ரீசர் உருகி உறைந்து மறுபடி உருகி, கோடை முழுவதும் பறித்துச் சேர்த்த பீன்ஸ் எல்லாம் குழைந்து நாறிப்போய்விட்டது. அவருடைய கோபம் நியாயமானது. இனி மின்சாரத்தை நம்ப மாட்டேன் என்று முடிவெடுத்து, கன்சோல் கண்ணாடிப் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் காணொளியைப் பார்த்து, புதிதாகப் பறித்த பீன்ஸை உப்புத் தண்ணீரில் போட்டு, கேஸ் அடுப்பில் பெரிய அண்டாவில் மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து மூடியிருந்தார். கராஜில் ஒரு சுவர் முழுக்கப் பச்சை. சத்தியமாகக் கண்ணுக்கு விருந்து.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு உருளைக்கிழங்கு போட்ட பீன்ஸ் கறி செய்ய அதில் இரண்டு பாட்டிலைத் திறந்தார். சமையலறையில் நானும் இருந்தேன்.

"அண்ணி, இதைச் சமைக்க வேண்டாம்" என்றேன்.

"இங்கேயும் பாடம் நடத்த வந்துவிட்டாயா டீச்சர்?"

அண்ணியின் அம்மா மேசையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். "எங்கள் ஆயா காலத்தில் ஃப்ரீசரா இருந்தது? எல்லாவற்றையும் பாட்டிலில்தானே வைத்தார்கள், யார் செத்தார்கள்?" என்று கேட்டார். வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்று அங்கே நான் முழுதாகச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்ணில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அவற்றைக் கொல்ல 116 முதல் 121 டிகிரி வரை சூடு வேண்டும். அழுத்தமில்லாத அண்டாவில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து லெனேசியா இருக்கும் உயரத்தில் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று மணி நேரம் அல்ல, முப்பது மணி நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் ஏறாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான, அறை வெப்பத்தில் இருக்கும் இடம்தான் அந்த வித்து முளைக்கத் தோதானது. பீன்ஸ் பாட்டில் என்பது அதற்காகவே கட்டிய வீடு: போட்டிக்கு இருந்த மற்றக் கிருமிகளைக் கொதிக்கவைத்துக் கொன்று, காற்றை வெளியேற்றி, கதவையும் சாத்திக் கொடுத்துவிடுகிறோம். முளைத்த பாக்டீரியா விடும் நஞ்சு நரம்பைத் தாக்கும். கண் இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். பாட்டில் நாறியிருக்க வேண்டும், மூடி உப்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1895இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியை ஆராய்ந்துதான் வான் எர்மெங்கம் என்பவர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். சாவு வீட்டுச் சாப்பாடு என்று நான் இதைச் சொல்லத் தொடங்கியதுமே அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் இருக்கும் வீடு. சரி, இடம் பொருந்தவில்லைதான்.

பொறியியல் படிக்கும் மருமகன் ஒரு கணக்குப் போட்டான். "அத்தை, நஞ்சு பத்து நிமிடம் கொதித்தால் அழிந்துவிடும் என்று இணையத்தில் இருக்கிறது. கறி எப்படியும் கொதிக்கத்தானே போகிறது?" பையன் சொன்னது பொய் இல்லை. கடல் மட்டத்தில் பத்து நிமிடம், அவர்கள் ஊரில் இன்னும் ஐந்தாறு நிமிடம் கூட. ஆனால் அவன் அம்மா அப்போதுதான் உப்பு பார்ப்பதற்காகப் பாட்டிலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோயிருந்தார். கறி கொதிப்பதற்கு முன்னால்தான் நாம் எல்லாரும் ருசி பார்க்கிறோம். நான் கையைத் தட்டிவிட்டேன். அதைத்தான் குடும்பத்தில் இன்றுவரை பேசுகிறார்கள். டீச்சர் அண்ணியை அடித்துவிட்டாளாம்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் உங்கள் பயம் வீண் என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதது ஒருவரும் சாப்பிடாததால். எல்லாப் பாட்டிலிலும் நஞ்சு இருந்தது என்று நான் சொல்லவில்லை. எதில் இருந்தது என்று பார்த்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை, அண்ணியிடமும் இல்லை. திறந்த இரண்டையும் பாட்டிலோடு தண்ணீரில் மூழ்கவைத்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொட்டினோம். மூடியிருந்தவற்றை அண்ணன் கனமான பைகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார். அன்று கறி, வெறும் உருளைக்கிழங்குக் கறி.

இப்போது ஆயா காலத்துக்கு வருகிறேன். என் ஆயா கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் பீன்ஸைத் தண்ணீரில் போட்டுப் பாட்டிலில் அடைத்ததே இல்லை. சுகர் பீன்ஸைக் கொடியிலேயே காயவிட்டு, நெற்றை உரித்து, தகர டின்னில் போட்டு வைத்தார். பாகற்காயை வில்லை வில்லையாக நறுக்கி, உப்பு போட்டு, தகரக் கூரை மேல் காயவைத்தார். மாங்காய்க்கு உப்பு, வெயில், மிளகாய், வெந்தயம், மேலே எண்ணெய். முள்ளங்கியா கேரட்டா பீன்ஸா, எதுவானாலும் பாட்டிலுக்குள் போவதென்றால் வினிகரோடுதான் போகும். அதாவது ஒன்று காயவைத்தார், அல்லது உப்பேற்றினார், அல்லது புளிப்பேற்றினார். புளிப்பை அளக்கும் பிஎச் எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி முளைக்காது என்ற கணக்கு அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது. தாம் காணொளியில் பார்த்ததை ஆயாவின் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆயாவைப் பற்றி எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முன்பு இதே தளத்தில் மாங்காய் ஊறுகாய் பற்றி நான் எழுதியதற்குச் சென்னையிலிருந்து ஒருவர், "தென்னாப்பிரிக்காவில் இருப்பவர் இவ்வளவு நல்ல தமிழ் எழுத முடியாது, யாரை வைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஐயா, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது 1860 நவம்பர் 16இல். பள்ளி விட்டதும் கோவில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து, சம்பளம் வாங்காத ஓர் ஆசிரியரிடம் தமிழ் படித்தவள் நான். எங்கள் தலைமுறையில் பலருக்குத் தமிழ் போய்விட்டது உண்மைதான். அது ஏன் போயிற்று என்று ஒரு நாள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். ஊறுகாய்க்குக் கீழே வந்து சான்றிதழ் கேட்காதீர்கள்.

சரி, உங்கள் பீச். பழம் மஞ்சள் சதையாக, கையில் அழுத்தினால் கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். கொட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும் இனம் என்றால் வெட்டுவது தொல்லை, ஆனால் பாட்டிலில் குழையாது. ஆரஞ்சு ஆற்றங்கரை ஊரான காக்காமாஸின் பெயரைக் கொண்ட பீச் அந்த வகைதான், இந்த நாட்டில் டின்னில் அடைப்பதற்குப் பேர் போனது. கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கழன்று வரும். கொட்டையை எடுத்து, கறுக்காமல் இருக்க எலுமிச்சை கலந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். இலேசான சர்க்கரைப் பாகில் ஒரு கொதி விட்டு, சூடான பாட்டிலில் சூடாகவே அடுக்குங்கள். மேலே ஓர் அங்குலத்தில் பாதி அளவு இடம் விடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்களை மெல்லிய குச்சியால் வெளியேற்றி, விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள். விளிம்பில் துளி பாகு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடி புதியதாக இருக்கட்டும். பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்தலாம், மூடியை வேண்டாம். (பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்த அதை வாங்கிப் போனவர்கள் திருப்பித் தர வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை.)

பிறகு பாட்டில்கள் முழுகும் அளவு தண்ணீரில் கொதிக்கவையுங்கள். டர்பனில் அரை லிட்டர் பாட்டிலுக்கு 20 நிமிடம், ஒரு லிட்டருக்கு 25. நீங்கள் இருக்கும் உயரத்தில் அதுவே 30, 35. டர்பன் அக்காவிடம் கேட்டு எழுதிய நேரத்தை அப்படியே மேலே கொண்டுபோகாதீர்கள்.

தக்காளி நாம் நினைக்கும் அளவு புளிப்பில்லை; சில பழங்கள் அந்த 4.6 கோட்டைத் தாண்டிவிடும். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கடையில் பாட்டிலில் விற்கும் சாறுதான் நல்லது, ஏனென்றால் அதன் புளிப்பு மாறாமல் இருக்கும். மரத்து எலுமிச்சை ஒன்றுபோல் ஒன்று இராது. சிட்ரிக் அமிலம் என்றால் அரைத் தேக்கரண்டி. புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சமைக்கும்போது சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள். வெங்காயம், மிளகாய், பூண்டு எல்லாம் போட்டு சட்னியாகச் செய்து அடைக்க ஆசை வரும். அவை ஒவ்வொன்றும் புளிப்பைக் குறைக்கும். வெறும் தக்காளியாக அடைத்துவிட்டு, திறக்கும்போது தாளியுங்கள்.

பீன்ஸுக்கு வீட்டு பிரஷர் குக்கர் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள், மருமகனும் கேட்டான். போதாது. சோதித்து எழுதிய நேரங்கள் எல்லாம் பாட்டில் அடைப்பதற்கென்றே செய்த பெரிய பிரஷர் கேனருக்கானவை. நம் குக்கர் சிறியது, சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடும். அந்த ஏறி இறங்கும் நேரமும் கணக்கில் சேர்ந்தது. கேனர் வாங்கும் வசதி இருந்தால் வாங்கி, அதோடு வரும் புத்தகத்தில் உங்கள் உயரத்துக்கு எழுதியிருக்கும் அழுத்தத்தை வையுங்கள். இல்லையென்றால் பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் போட்டு நம் ஊர்க் காய்கறி ஊறுகாய் போடுங்கள். வினிகர் பாட்டிலின் சீட்டில் அமிலம் ஐந்து சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீர் கலக்காதீர்கள், குளிர்பெட்டியில் வையுங்கள். பச்சைப் பூண்டை வினிகர் இல்லாமல் வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பதும் பீன்ஸ் பாட்டில் மாதிரிதான், அதையும் செய்யாதீர்கள்.

அண்ணி இப்போது பீச் மட்டும் அடைக்கிறார். நேரம் சரியாகத்தான் வைக்கிறார் என்று அண்ணன் சொல்லித் தெரியும். எனக்கு ஒரு பாட்டிலும் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் "டீச்சர் வருகிறாள், சமையலறையைப் பூட்டுங்கள்" என்கிறார். பூட்டட்டும்.

நீங்கள் பாட்டில் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு பழத்தை வெட்டிப் பாருங்கள். மரம் பழையது என்றால் என்ன இனம் என்று வீட்டை விற்றவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே வெள்ளைச் சதையாக இருந்தால் அதைப் பாட்டிலில் அடைக்க வேண்டாம். வெள்ளை பீச்சில் சில இனங்களுக்கு அந்த 4.6 புளிப்பும் கிடையாது. அதை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.