வளர்த்த அக்காவும் வளர்ந்த தங்கையும்

சகோதரிகளுக்கு இடையிலான உறவைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் இரண்டுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கும் என் தங்கைக்கும் ஐந்து வயது வித்தியாசம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் விழுந்துவிட்டதால், தங்கைக்குத் தலைவாரிவிடுவதில் இருந்து பாடம் சொல்லிக்கொடுப்பது வரை எல்லாம் என் பொறுப்பாயிற்று. இன்று எனக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பு தங்கைக்கு முதல் குழந்தை பிறந்தது. குழந்தையை எப்படித் தூக்க வேண்டும், எப்படிப் பால் கொடுக்க வேண்டும், எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவள், "எனக்கு இன்னொரு அம்மா வேண்டாம், அக்கா இருந்தால் போதும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை. வளர்த்த கடனுக்கு இதுதானா கைம்மாறு என்று மனம் குமுறுகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் தங்கை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நின்றேன். அதில் 'வேண்டாம்' என்ற சொல் உங்கள் காதில் விழுந்த அளவுக்கு 'அக்கா இருந்தால் போதும்' என்ற பகுதி விழவில்லை என்று நினைக்கிறேன். அவள் உங்களை விலக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தனக்குக் கிடைக்காத ஒருவரை, உங்களுக்குள் இருக்கும் அக்காவை, கேட்டிருக்கிறாள்.

அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்த பிள்ளைகள் இளையவர்களைக் கவனித்துக்கொள்வது உலகின் பல சமூகங்களில் இயல்பாக நடப்பது. தாமஸ் வைஸ்னர், ரொனால்டு காலிமோர் என்ற இருவர் 1977ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால், பின்னால் ஒரு பெரியவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தங்கையைக் கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்துக்கொள்வது வேறு. பின்னால் யாருமே இல்லாமல் முழுப் பொறுப்பையும் ஏற்பது வேறு. தங்கைக்கு நீங்கள் தலைவாரிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு யார் வாரிவிட்டார்கள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அன்பு காட்டுவது என்றால் எதிலும் தவறு நேராமல் பார்த்துக்கொள்வது என்றே மனத்தில் பதிந்துவிடுகிறது. இன்று நீங்கள் தொலைபேசியில் சொல்லும் ஒவ்வோர் அறிவுரையும் அந்த அன்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 'வளர்த்த கடன்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தை யாரிடமும் கடன் வாங்குவதில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய குழந்தைப் பருவத்தை எடுத்துக்கொண்டது உங்கள் அம்மாவின் நோயும், உதவிக்கு வராமல் போன பெரியவர்களும்தான். அந்த இழப்புக்காக நீங்கள் அழலாம், கோபப்படலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைத் தங்கையிடம் வசூலிக்க மட்டும் முடியாது.

இனி அவள் பக்கம் வருவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். இரவு, பகல் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. அத்தனை முறையும் விழித்து, அழுகையைக் கேட்டு, இது பசியா, தூக்கமா, வயிற்று வலியா என்று தடுமாறித் தடுமாறித்தான் ஒரு தாய் தன் குழந்தையைத் தெரிந்துகொள்கிறாள். உங்கள் இருவரின் வாழ்க்கையிலும் முதன்முறையாக, உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது அந்தக் குழந்தைதான். அந்த நேரத்தில் நீங்கள் சரியானதையே சொன்னாலும், அவள் மறுபடியும் பின்னல் போடத் தெரியாத நான்கு வயதுத் தங்கையாகிவிடுகிறாள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் மூத்த குழந்தைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தபோது என் அக்கா வந்து தங்கினாள். விடியற்காலை மூன்று மணி இருக்கும். குழந்தை ஓயாமல் அழுதது. அக்கா அறை வாசலில் வந்து நின்று, "நான் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் கண்விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி அக்கா விழித்திருந்தாள்; அவள் கழுத்துக் குழியில் முகம் புதைத்துக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது; மரத்துப்போன கையை அசைத்தால் எழுந்துவிடுமோ என்று அவள் அசைக்காமலே வைத்திருந்தாள். "உனக்கும் இப்படிப் பயமாக இருந்ததா?" என்று கேட்டேன். "முதல் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை அழாத நாளே இல்லை, உன்னிடம்தான் சொல்லவில்லை" என்றாள். என்னைவிட எல்லாம் தெரிந்தவளாகவே நான் பார்த்துவந்த அக்கா, அந்தக் காலையில்தான் எனக்குத் தோழியானாள்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, அன்று உங்களுக்குத் தெரியாமல் இருந்ததைச் சொல்லுங்கள். முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோது எதற்கெல்லாம் பயந்தீர்கள், எதில் தவறினீர்கள், எந்த இரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது என்பதை எழுதி அனுப்புங்கள். கடைசியில் 'நான் வந்து குழந்தையை வைத்துக்கொள்ளட்டுமா, நீ தூங்குகிறாயா?' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தாயின் இடம் உங்களுக்கு வேண்டுமென்றால், தமிழ் அதை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது: அந்தக் குழந்தைக்கு நீங்கள் பெரியம்மா.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மார்களுக்கு நேர்வதுதான். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அது தணிந்துவிடும். தணியாமல் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லை என்றாலோ, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குழந்தை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுவதாகவும், அதில் மனச்சோர்வே முதன்மையானது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைக் கண்டறிய 1987ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட, பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாளை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் அழைப்பை அவள் எடுக்காததற்குக் கோபம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவள் கணவரிடம் இன்றே விசாரியுங்கள். கொஞ்சமேனும் ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வருவதாகத் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்குக் குழந்தை இல்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்ததில் இருந்து, நாங்கள் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே குழந்தை அழுகிறது, அவள் வைத்துவிடுகிறாள். ஒரே போர்வைக்குள் விடிய விடியப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். இது பொறாமையோ என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. அந்தப் போர்வைக்குள் இருந்த ஓர் இடம் போய்விட்டதாக உணர்கிறீர்கள். அதன் பெயர் பொறாமை இல்லை, ஏக்கம். வேலை, திருமணம், குழந்தைகள் என்று ஓடும் ஆண்டுகளில் உடன்பிறப்புகளின் நெருக்கம் குறைவதும், வயதான பிறகு மீண்டும் கூடுவதும் பலரிடமும் காணப்படுகிற போக்கு. முதியவர்களை ஆராய்ந்த விக்டர் சிசிரெல்லி என்ற உளவியலாளர், சகோதரியோடு நெருக்கமாக இருப்பவர்களிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

அதற்காக முதுமை வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இடையூறே இல்லாத நீண்ட பேச்சை எதிர்பார்த்தால், இன்னும் சில ஆண்டுகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். முடிந்தபோது நேரில் போய், குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, துண்டு துண்டாகப் பேசுங்கள். அவள் கேட்காவிட்டாலும் உங்கள் வாழ்க்கையில் நடப்பதைச் சொல்லுங்கள். தன்னைச் சுற்றி எந்நேரமும் குழந்தைப் பேச்சே இருக்கும் ஒருத்திக்கு அது எவ்வளவு தேவைப்படும் என்பது எனக்குத் தெரியும். பாதியில் அவள் தொலைபேசியை வைத்துவிட்டால், மறுநாள் நலம் விசாரித்து முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்தில் இருந்தே பேசுங்கள்.