சென்சாரை மாற்றியும் அணையாத இன்ஜின் விளக்கு

கேள்வி: எங்கள் பிஎஸ்4 லாரி, சரக்குடன் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது இன்ஜின் விளக்கு எரிந்து, இழுவை திடீரெனக் குறைந்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடுகிறது. ஸ்கேனரில் எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 4 என வருகிறது. ரெயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டோம். இப்போது டீசல் பம்ப்பை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பாடி வேலைக்கு விட்டு எடுத்த பிறகே இந்தத் தொல்லை தொடங்கியது. பம்ப்பை இறக்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இப்போதைக்குப் பம்ப்பைத் தொட வேண்டாம். எஸ்பிஎன் 157 என்பது காமன் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயரழுத்தக் குழாயில், உள்ள டீசல் அழுத்தத்தைக் குறிக்கும் எண். அதில் என்ன வகைக் கோளாறு என்பதை அடுத்து வரும் எஃப்எம்ஐ எண்தான் சொல்கிறது. பல பட்டறைகளில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு சென்சார் வாங்கி வரச் சொல்லிவிடுகிறார்கள். எஃப்எம்ஐ 1 அல்லது 18 வந்திருந்தால் அழுத்தமே குறைந்திருக்கிறது என்று கொண்டு, ஃபில்டர், காற்றுக் கசிவு, பம்ப் என்ற வரிசையில் தேடலாம். உங்களுக்கு வந்திருக்கும் 4, சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது என்பதைத்தான் காட்டுகிறது.

இந்த சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் என மூன்று ஒயர்கள் உண்டு. பொதுவாக, ரெயிலில் அழுத்தமே இல்லாதபோதும் சிக்னல் ஏறத்தாழ 0.5 வோல்ட்டில் நிற்கும்; அழுத்தம் உச்சத்தை எட்டும்போது 4.5 வோல்ட் வரை ஏறும். ஆகவே பூஜ்யத்தை ஒட்டிய வோல்டேஜ் எந்த அழுத்தத்துக்கும் உரியதன்று. அதைக் கண்டவுடன் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), மின்சுற்றில் பழுது என முடிவு செய்து, இன்ஜினைக் காப்பதற்காக இழுவையைக் குறைத்துவிடுகிறது.

இன்ஜினை நிறுத்தி, சென்சாரின் கப்ளரை (ஒயர் இணைப்பானை) கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இல்லையென்றால், சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 5 வோல்ட் கிடைத்தால் எர்த் ஒயரில் பழுது. அங்கேயும் கிடைக்கவில்லையென்றால் சப்ளை ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும் இன்ஜின்களில், வேறொரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் பழி இதன்மேல் விழும். ஆகவே அந்த வரிசையிலுள்ள மற்றக் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான்.

சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தால், கப்ளர் கழன்ற நிலையிலேயே ஸ்கேனரைப் பாருங்கள். பல ஈசிஎம்களில் அப்போது எஃப்எம்ஐ எண் 4-லிருந்து 3-க்கு, அதாவது வோல்டேஜ் அதிகம் என்பதற்கு மாறும். மாறினால் சிக்னல் ஒயர் அந்த நேரத்தில் எர்த்தோடு ஷார்ட் ஆகவில்லை என்று பொருள். ஆனால் உங்கள் கோளாறு குலுங்கும்போது மட்டும் வருவது. நின்ற இடத்தில் எல்லாச் சோதனையும் சரியாகவே வரக்கூடும். எனவே கப்ளரை மீண்டும் மாட்டி, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் வோல்டேஜை ஓடவிட்டு, ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒயரிங்கை சாண் சாணாக அசைத்து வர வேண்டும். பாடி வேலையின்போது கழற்றி மாட்டிய கிளாம்ப்புகள், சேசிஸ் விளிம்பில் உராயும் இடங்கள், வெல்டிங் நடந்த பகுதி ஆகியவற்றில் தொடங்குவதே நல்லது. என் சந்தேகமும் அங்கேதான். (வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்களா என்றும் கேட்டு வையுங்கள்.)

டெஸ்ட் பல்ப்பை இந்த ஒயர்களில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் கரண்ட்டை ஈசிஎம்மின் 5 வோல்ட் சுற்று தாங்காது. ஒயரின் மேலுறையை ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பையோ சென்சாரையோ தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் செல்லும் அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

உராய்ந்த ஒயர் கிடைத்தால் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, விளிம்பில் படாதபடி கிளாம்ப் செய்யுங்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்தபின் அதே சரக்குடன் அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பு கழற்றிய சென்சார்கள் கைவசம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவை நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.