முட்டை, பக்கெட், முதுகுத்தண்டு: ஓவியக் கேள்வி-பதில்

ஆளை வரைய உடம்பின் 206 எலும்பையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? – தர்மபுரி கல்லூரி மாணவர்

வேண்டாம். அதில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான் கிடக்கிறது. மண்டை, விலாக்கூடு, இடுப்பு என்று மூன்று பெரிய பகுதிகள், அவற்றைக் கோக்க ஒரு முதுகுத்தண்டு. ஆறு மாதம் இதையே போடுங்கள். நிழல் வேண்டாம்.

விலாக்கூட்டை மாங்காய் வடிவில் போடலாமா? – காவேரிப்பட்டணம்

நம்ம ஊர்க் கேள்வி! பெங்களூரா ரக மாங்காய் வேண்டாம், அதற்கு மூக்கு இருக்கிறது. முட்டையே போதும், கூர்முனை மேலே. இடுப்புக்கு ஒரு பக்கெட். அதைச் சற்று முன்னால் சாய்த்துப் போடுங்கள். தண்ணீர் இருந்தால் வயிற்றுப் பக்கம் சிந்த வேண்டும்.

போன் திரைமேல் தாளை வைத்து ஒற்றி எடுத்து, ஒரு வாரம் நிழல் போட்டேன். ஆனாலும் ஆள் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்குகிறார். – பென்னாகரம் வாசகி

உள்ளே எலும்பு இல்லை, வேறென்ன? ஒற்றி எடுத்தால் கிடைப்பது தோலின் ஓரம் மட்டும். உள்ளே விலாக்கூடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் என்று உங்கள் கைக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவரைப் பாருங்கள். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும், நடுவில் முதுகுத்தண்டு வளையும். முட்டையும் பக்கெட்டுமாக இரண்டே நிமிட வேலை.

நானும் ஒரு காலத்தில் நிழல் பைத்தியம்தான். ஒரு பள்ளிச் சுவரில் ஓட்டக்காரன் ஒருவனை வரைந்து, சதை சதையாக நிழல் போட்டு முடித்தேன். சாரத்துக்குக் கீழே நின்ற பொடியன், “சார், இவருக்கு இடுப்பு எங்கே?” என்றான். மூன்று நாள் கூலி போச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியத்தில் குதிரைமேல் இருப்பவர்களைப் பாருங்கள். வெறும் வெள்ளை வண்ணம், நிழலே கிடையாது, ஆனாலும் சண்டை தெரிகிறது. உங்கள் ஒரு வார நிழலில் அது எங்கே?

ஆள் உயரத்துக்கு எத்தனை தலை? – ஓசூர்

தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்தால் பெரியவருக்கு ஏழரை, ஏழு என்றாலும் சண்டையில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு. பெரியவரின் சரிபாதி தொப்புள் அல்ல, அதற்கும் கீழே, இடுப்பெலும்பு முன்னால் சேரும் இடம்.

கையைத் திருப்பி வரைந்தால் முன்கை மட்டும் ரப்பர் குழாய் மாதிரி வருகிறது. – அரூர்

உள்ளங்கை மேலே பார்த்தால் முன்கை எலும்பு இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்க எலும்பு மற்றதன்மேல் குறுக்கே புரளும். அதனால் முழுக்க உருளையாகப் போடாதீர்கள். முழங்கைப் பக்கம் உருளை, மணிக்கட்டுப் பக்கம் சப்பையான பெட்டி. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள், புரளுவது விரலுக்கே தெரியும்.

கால் படம் அனுப்பியிருக்கிறேன், என்ன தப்பு என்று சொல்லுங்கள். – ஊத்தங்கரை

உறையில் படம் இல்லை, இது இரண்டாவது முறை! பார்க்காமலே இரண்டு சொல்கிறேன். தொடை எலும்பு நேர்க்குத்தாக இறங்காது, முழங்காலை நோக்கி உள்ளே சாயும். கணுக்காலில் உள்பக்க முடிச்சு மேலே, வெளிப்பக்க முடிச்சு கீழே. மறுபடி அனுப்பும்போது படத்தையும் வையுங்கள், நிழல் இல்லாமல்.