கடத்துப் புரத (செல்லின் சவ்வு வழியாகப் பொருள்களைக் கொண்டுசெல்லும் புரதம்) ஆய்வில் புதிதாகச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்களுக்கு: கேள்வி பதில்

கே: புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் என் புரதம் இறங்கவே இல்லை. குழியிலேயே திட்டாக நிற்கிறது.

ப: மாதிரியைக் கொதிக்க வைத்திருப்பீர்கள். சவ்வுப் புரதத்தை 95 டிகிரிக்குச் சூடாக்கினால், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கே: கடத்தியைச் சோதிக்க ஈஸ்ட்டா, தவளை முட்டையா?

ப: மரபணுவைத் தேடிப் பிடிக்க ஈஸ்ட். 1992இல் பசலைக்கீரையின் சுக்ரோஸ் கடத்தி கிடைத்தது அப்படித்தான். கடத்தியின் ஆர்என்ஏவைச் செலுத்தி மின்னோட்டத்தை அளக்க முட்டை. ஆனால் அதே நாள், அதே தவளையின் முட்டைகள் சிலவற்றில் தண்ணீர் மட்டும் செலுத்தி அளந்தாக வேண்டும். முட்டைக்குச் சொந்த அயனிக் கால்வாய்களும் உண்டு.

கே: என் புரதத்தோடு இணைத்த ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) செல்லின் ஓரத்தில் ஒளிர்கிறது. பிளாஸ்மா சவ்வு, அதாவது செல்லின் வெளிச்சவ்வுதானே?

ப: அவசரப்படாதீர்கள். நடுவிலுள்ள பெரிய வாக்குவோல் (நீர் நிறைந்த பை) எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். உட்கருவைத் தேடுங்கள். ஒளிக்கோடு உட்கருவுக்கும் செல்லின் நடுவுக்கும் இடையே வளைந்தால் வாக்குவோல் சவ்வு, உட்கருவுக்கு வெளிப்பக்கமாகச் சென்றால் பிளாஸ்மா சவ்வு.

கே: உதவித்தொகை எப்போது வரும்?

ப: அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: தண்ணீர் முட்டை ஒவ்வொரு முறையுமா?

ப: ஒவ்வொரு முறையும்.

கே: ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தருகிறது. தரவுத்தளத்தில் ‘நைட்ரேட் கடத்தி’ என்றும் இருக்கிறது. அப்புறம் அளவீடு எதற்கு?

ப: அந்தப் பெயரை நம்பித்தான் பலர் வழி தவறுகிறார்கள். அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் என்ஆர்டி1.1 மரபணு 1993இல் பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் நைட்ரேட்டுக்கு. அதே புரதம் ஆக்சின் என்ற தாவர ஹார்மோனையும் கடத்துகிறது என்று 2010இல் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் வேறு ஹார்மோன்களான ஜிப்ரலின், அப்சிசிக் அமிலம், தற்காப்பு வேதிப்பொருளான குளுக்கோசினோலேட் ஆகியவற்றைக் கடத்துபவையும் உண்டு. முதலில் எதைக் கொடுத்துப் பார்த்தார்களோ, அதுவே பெயராகிவிடுகிறது. இன்னொன்று: என்ஆர்டி1.1இன் 101ஆம் அமினோ அமிலமான திரியோனினில் ஒரு பாஸ்பேட் ஏறினால், மில்லிமோலார் அளவு நைட்ரேட்டுக்கு வேலை செய்த புரதம் அதைவிட மிகக் குறைந்த மைக்ரோமோலார் அளவிலேயே பிடித்துக்கொள்கிறது. கடத்தி வெளிப்பக்கம் திறந்து, மூடி, உள்பக்கம் திறக்கும். கணிப்பு காட்டுவது பெரும்பாலும் அதில் ஒரு நிலையை மட்டும்.

கே (அதே மாணவர்): 2022இல் ‘பின்’ (PIN) எனும் ஆக்சின் கடத்திகளின் வடிவத்தில் ஆக்சின் உட்கார்ந்திருப்பதே தெரிந்ததே?

ப: அது கணிப்பல்ல, உறைய வைத்த புரதத்தைப் படமெடுக்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் கண்டது. அதைக் கண்டவர்களும் கடத்தலைத் தனியாக அளந்தார்கள்.

கே (இன்னொருவர்): அப்படியானால் கணிப்பு வீணா?

ப: இல்லவே இல்லை. எந்த அமினோ அமிலத்தை மாற்றிப் பார்ப்பது என்று முடிவுசெய்ய நான் தினமும் திறப்பது அதைத்தான். மாற்றிய பிறகு கடத்தல் நின்றதா என்பதை முட்டைதான் சொல்லும்.

கே: இந்த முறை முட்டை குறைவு. தண்ணீர் முட்டையை விட்டுவிடலாமா?

ப: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், கூடாது. இருப்பதில் பத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். மீதி போதவில்லையென்றால் சோதனையை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவையுங்கள்.