உதவித்தொகை பெறும் காலம் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

கேள்வி: லாபிஸ் அருகே தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்கள் லயத்தில் சிலர் சமூக நல இலாகாவின் உதவித்தொகையைப் பல ஆண்டுகளாகப் பெற்று வருகிறார்கள். குளுவாங்கிலுள்ள என் நாத்தனாரோ ஓராண்டிலேயே விட்டுவிட்டார். தோட்டத்து மக்களுக்கு உழைக்க மனமில்லை என்று என் கணவர் வீட்டார் பேசுகிறார்கள். அமெரிக்காவிலும் மாநிலத்திற்கு மாநிலம் உதவி பெறும் காலம் மாறுபடுகிறதாமே, ஏன்?
– வாசகி, லாபிஸ், ஜொகூர், மலேசியா

பதில்: முதலில் உங்கள் லயத்தில் அந்தப் பணத்தைப் பெறுபவர்கள் யாரென்று பாருங்கள், சகோதரி. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தோட்டத்தில் தங்கியவர்களில் ஆதரவற்ற முதியவர்களே அதிகமென்றால், 60 வயதானோருக்கான உதவி (2025 முதல் மாதம் 600 வெள்ளி, அதாவது ரிங்கிட்) ஆண்டுக்கணக்கில் தொடரத்தான் செய்யும். வயது குறையப் போவதில்லை அல்லவா?

உழைக்கும் வயதினரின் நிலை வேறு. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் ஒரு தாய்க்கு, டிசம்பர் மழையில் வேலை நின்றால் அன்றைய கூலி இல்லை. டவுனில் கடை வேலை கிடைத்தாலும், பேருந்து வராத தோட்டச் சாலையிலிருந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படிப்பட்டவர் உதவியை விட்டு விலகுவது எளிதல்ல. சம்பளச் சட்டமும் சில காலம் ஊரைப் பிரித்தே பார்த்தது. 2020 பிப்ரவரி முதல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகள் 56இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. குளுவாங் முதல் வகை, மாவட்ட மன்றத்தின் கீழுள்ள லாபிஸ் இரண்டாம் வகை. 2022 மே மாதம் 1,500 வெள்ளி என்ற ஒரே அளவு வந்த பிறகே அப்பிரிவு படிப்படியாக நீங்கியது.

உதவி பெறத் தொடங்குபவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள் என்றும், ஆனால் ஏதேனும் ஒரு நாளில் பட்டியலைப் பார்த்தால் நீண்ட காலம் இருப்பவர்களே நிறைந்து தெரிவார்கள் என்றும் மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள். உங்கள் கணவர் வீட்டார் கண்ணில் படுபவர்களும் அவர்களே. வந்து போனவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்க மாநிலங்களிடையே வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. 1996இல் வந்த சட்டம், மத்திய அரசின் நிதியிலிருந்து ஒரு குடும்பம் வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் ரொக்க உதவி பெறுவதைப் பொதுவாகத் தடுத்து, அதனினும் குறைக்கும் உரிமையை மாநிலங்களிடம் விட்டது. அரிசோனா 2016இல் அதை 12 மாதங்களாகச் சுருக்கியது. கலிஃபோர்னியா, 48ஆக இருந்ததை 2022இல் 60 ஆக்கியது. அரிசோனாவில் குடும்பங்கள் விரைவில் பட்டியலை விட்டு நீங்குவதால் அவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. உங்கள் நாத்தனாரிடமும், வேலை கிடைத்ததால் விட்டாரா, விண்ணப்பப் பாரத்தைப் புதுப்பிக்கத் தவறியதால் நின்றுபோனதா என்று விசாரித்துப் பாருங்கள்.