சட்டம் படிக்க எந்தப் பாடப்பிரிவு?

கேள்வி: பத்தாம் வகுப்பில் தேறியுள்ள என் மகள் வழக்கறிஞராக விரும்புகிறாள். பிளஸ் 1 வகுப்பில் கலைப்பிரிவை எடுத்தால்தான் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: அப்படியொரு விதி இல்லை, அம்மா. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் உயிரியலோ கணிதமோ படித்த மாணவரும் சேரலாம். பிளஸ் 2 தேர்வில் பொதுப்பிரிவினர் குறைந்தது 45 சதவீதமும், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். ஆனால் அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. நுழைவுத் தேர்வின்றிப் பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி சேர்க்கை நடப்பதால், அக்கம்பக்கத்தார் சொல்லும் பிரிவைவிட, உங்கள் மகளால் நிறைய மதிப்பெண் எடுக்க முடிகிற பிரிவே நல்லது. பி.காம்., பி.சி.ஏ. ஆகியவற்றுடன் இணைந்த ஹானர்ஸ் (சிறப்புநிலை) சட்டப் படிப்புகளை விரும்பினால், அவ்வாண்டுச் சேர்க்கைக் கையேட்டில் பாட நிபந்தனைகளையும் பார்த்துவிடுங்கள்.

திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் வழி வேறு. அங்கே சேர, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுத வேண்டும்: இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். நீண்ட ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை காண்பதே பெரும்பகுதி, அதில் தரப்பட்ட சட்டக் கோட்பாட்டை ஒரு நிகழ்வுக்குப் பொருத்திப் பார்க்கும் வினாக்கள் ஏறக்குறைய கால் பங்கு என்பதால், தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசிக்கும் பழக்கத்தை இந்த விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.