முற்றுப்புள்ளியைத் தேடாதீர்கள்

குளச்சல் பாட்டிமாரின் கடல் கதைகளைப் பதிவு செய்தால் ஒரு வாக்கியமே அரைப்பக்கம் ஓடுகிறது, எங்கே வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பேச்சில் ஏதுங்க முற்றுப்புள்ளி? மொழியியலாளர் வாலஸ் சேஃப் 1975-இல் எடுக்க வைத்த, 'பேரிக்காய்ப் படம்' என்ற வசனமில்லாத குறும்படத்தைப் பல மொழிக்காரர்களிடம் காட்டிக் கதை சொல்ல வைத்தார்கள். பேச்சின் அலகாக அவர் பார்த்தது குரலின் ஏற்ற இறக்கத்தையும் நிறுத்தத்தையும்தான். அதையே செய்யுங்கள், ஒரு மூச்சுக்கு ஒரு வரி.

"கரைக்கு வந்தான், வந்து பாத்தா..." என்று முந்தின வினையையே திரும்பப் பிடிப்பார்கள் பாருங்கள், அது திக்கல் இல்லை, அடுத்த கட்டத்துக்குப் போடும் முடிச்சு. நான் அதையெல்லாம் அழித்துவிட்டு அப்புறம் மறுபடி கேட்டு எழுதினேன்.

களியக்காவிளைப் பக்கம் மலையாளப் பதிவும் உண்டென்றால் கவனம்: தமிழில் கடைசி வினையாவது ஆன், ஆள் என்று ஆளைக் காட்டும், அங்கே வெறும் 'வந்நு'தான், வந்தது யார் என்பதை முன்கதையில்தான் பிடிக்க வேண்டும்.